உத்திரமேரூரில் நன்னாரிக்கு எடை போட்ட கதை

நன்னாரி வேரில் பூஞ்சை பிடித்தால் பினாங்கில் யாருக்கு என்ன என்று கேட்காதீர்கள். நான் வேலை செய்யும் நாட்டு மருந்துக் கடையில் அது பெரிய விவகாரம். வெயில் கொளுத்தும் ஊர். நன்னாரி சர்பத் இல்லையென்றால் தமிழர்கள் கடைப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார்கள். அந்த வருஷம் சென்னை மண்டியிலிருந்து வந்த மூட்டைகளைப் பிரித்தால் உள்ளே வேருக்குப் பதில் சாம்பல் நிறப் பஞ்சு. முதலாளி மண்டிக்காரர்களுக்குச் சுடச்சுட எழுதினார், பணத்தையும் நிறுத்தினார். அப்படியும் அவருக்கு ஆறவில்லை. அக்காள் மகள் கல்யாணத்துக்கு நான் சென்னைக்குப் போவது தெரிந்ததும், அப்படியே அந்த வேர் எங்கே கெடுகிறது என்று பார்த்துவிட்டு வா என்றார். சரக்கைக் கையில் எடுத்தாலே அதன் ஜாதகம் சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கடையில் பேர். அந்தப் பேரில் எனக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு. கல்யாணச் சாப்பாடு ஜீரணமாகும் முன்பே கிளம்பிவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் இட்லியும் வடகறியும் தின்று, காபி என்ற பெயரில் ஒரு டம்ளர் சூடான பாலைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். எங்கள் ஊர்க் கருப்புக் காபிக்கு நாக்கு ஏங்கியது. பக்கத்து சீட்டில் ஒரு வாத்தியார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே உத்திரமேரூரில் ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்தல் நடத்தினார்கள், கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். அந்தக் குடத்துக்குள் பெண்கள் பேர் ஏதாவது விழுந்ததா என்று கேட்டேன். மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓரிக்கை தாண்டிப் பாலாற்றைக் கடக்கும் இடத்தில் பஸ் மணலில் புதைந்தது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் கண்டக்டர். நானும் இறங்கினேன். "நீ இன்னாத்துக்கு எறங்கறம்மா? குந்து" என்று அவர் தடுத்தார். ரப்பர் தோட்டத்தில் சேற்றில் சிக்கிய லாரிகளைத் தள்ளியே வளர்ந்தவள் நான் என்று சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினேன். வாத்தியார் என் பக்கத்தில் நின்று தள்ளுவது போல் பாவனை செய்தார். பஸ் நகர்ந்தபோது அவருக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கியது.

உத்திரமேரூரில் நான் தங்கியது அரிசி மில் ஏகாம்பரம் வீட்டில். மண்டிக்காரர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். நல்ல மனிதர், ஆனால் ஊரில் யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். அவர் மனைவி ஏரிக் கெண்டையைப் புளி விட்டுக் குழம்பு வைத்திருந்தார். தேங்காய்ப் பால் இல்லாமல் மீன் குழம்பு உண்டா என்று நினைத்தவள் மூன்றாவது முறை சோறு வாங்கினேன். சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைக் கேட்டேன். சுற்றுவட்டாரக் காடுகளில் கிடைக்கும் பொருள்களுக்கெல்லாம் மாணிக்கம் என்பவர் குத்தகை எடுத்திருக்கிறார். நன்னாரி தோண்டுவது இருளர் பெண்கள். தோண்டியதை அவரிடம்தான் போட வேண்டும், வேறு யாருக்கும் விற்கக் கூடாது.

"பூஞ்ச புடிச்சா மாணிக்கம் இன்னா பண்ணுவான்? அந்தப் பொம்பளைங்க ஈரத்தோட கொண்டாந்து கொட்டிட்டுப் போறாங்க" என்றார் ஏகாம்பரம்.

மறுநாள் காலையில் மாணிக்கத்தின் கிடங்குக்குப் போனேன். அவர் வெளியூர் போயிருந்தார். வாசல் திறந்திருந்தது. உள்ளே காவல்காரர் ஒருவர், வாய் பிரித்த மூட்டைகளுக்கு நடுவே வாளித் தண்ணீரும் கையில் வேப்பிலைக் கொத்துமாக நின்றிருந்தார். தண்ணீரில் கொத்தை முக்கி ஒவ்வொரு மூட்டைக்கும் தெளித்துக்கொண்டு போனார். கும்பாபிஷேகத்தில் ஐயர்கூட அத்தனை சிரத்தையாகத் தெளித்து நான் பார்த்ததில்லை. எதற்கு என்று கேட்டேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது, கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"லாரி வருதில்ல. எடை நிக்கணுமே."

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூட்டைக்குள் கை விட்டுப் பார்த்தேன். அடியில் இருந்த வேர் சருகாகக் காய்ந்து, ஒடித்தால் மணந்தது. முதல் தரமான சரக்கு. பெண்களிடம் காய்ந்த வேராக எடை போட்டு வாங்குவது, சென்னைக்கு நனைத்து எடை போட்டு விற்பது. பூஞ்சை எந்த ஊரில் பிறந்தது என்று தெரிந்துவிட்டது. என் வேலை முடிந்தது, மத்தியான பஸ்ஸிலேயே திரும்பியிருக்கலாம்.

அந்த நேரத்தில்தான் ஐந்தாறு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே வரவில்லை. முன்னால் நின்றவள் பெயர் செல்லி, என் வயதுதான் இருக்கும். போன முறை போட்ட வேருக்குக் காசு எப்போது வரும் என்று கேட்டாள். காவல்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் வேரில் பூஞ்சை பிடித்துவிட்டதாம், சீமையிலிருந்து லெட்டர் வந்திருக்கிறது, அதற்குக் கழித்தாகிவிட்டது, போங்கள் என்றார்.

சீமையிலிருந்து வந்த அந்த லெட்டர் எங்கள் கடை லெட்டர். பினாங்கில் எங்கள் முதலாளி நிறுத்திய பணத்தைச் சென்னை மண்டி மாணிக்கத்திடம் பிடித்தது. மாணிக்கம் இவர்களிடம் பிடித்துவிட்டார். இவர்களுக்குக் கீழே பிடிப்பதற்கு யாரும் இல்லை. நான் யார் என்பதை அவர்களிடம் சொன்னேன். செல்லி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெயிலில் நிற்க வேண்டாம், வா என்று கூப்பிட்டாள்.

அவர்கள் குடிசைகள் ஏரிக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டி. போனதும் வறுத்த ஈசலும் பொரியும் கலந்து ஒரு முறத்தில் வைத்தார்கள். முதல் மழைக்குப் புற்றிலிருந்து கிளம்பிய ஈசலைப் பிடித்துக் காயவைத்தது. பூச்சியைத் தின்பதா என்று ஒரு கணம் யோசித்தேன். அழுகிய இறாலை இடித்து பெலாச்சான் என்று சம்பலில் போட்டுத் தின்கிற ஊர்க்காரிக்கு அந்த யோசனையே அதிகம். வாயில் போட்டால் வேர்க்கடலை போல நெய் வாசனை. இரண்டாவது கை நானாகவே அள்ளினேன்.

குடிசை வாசலில் வெற்றிலை மென்றுகொண்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் ஒரு மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். செல்லியின் மகன் முருகனிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்கோ வடக்கே மரம் வெட்டும் வேலை, முன்பணம் கையோடு, குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதுதான் என்றார். முருகனின் மனைவி கன்னி கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடை போடும் நாளன்று பதிலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேஸ்திரி எழுந்து போனார்.

முன்பணம் என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் தாத்தா அப்படித்தான் கப்பலேறினார். செல்லி சுருக்கமாகச் சொன்னாள்.

"எந்தங்கச்சி அப்டிதாம்மா போனா. கடன் தீரல, தீரலன்னே சொல்லிகினு கீறாங்க. இன்னும் வரல. வேருக்குத் துட்டு வந்தா இதுங்க போவாது. வரலன்னா நான் எந்த மூஞ்ச வச்சிகினு நிறுத்தறது?"

அந்தக் காசை வாங்கிக் கொடுக்காமல் இந்த ஊரை விட்டு நகருவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். எப்படி என்று கேட்டால், அந்த நிமிஷத்தில் எனக்கும் தெரியாது.

அடுத்த நாள் விடியற்காலையில் அவர்களோடு காட்டுக்குப் போனேன். காடு என்றால் எங்கள் மலாயாக் காடு போல இருட்டிக்கொண்டு நிற்கும் மரங்கள் இல்லை. காரை முள்ளும் கள்ளியும் பாறையுமாக இடுப்பளவுப் புதர்கள். அத்தனை பேரும் வெறுங்கால். என் செருப்பைக் குத்திக்கொண்டு உள்ளே வந்த முள், அவர்கள் காலில் எப்படி இறங்கியிருக்கும் என்று யோசிக்கவே கூசியது. நடுவில் வெள்ளைக் கோடு ஓடும் மெல்லிய இலையைத் தேடிப் பிடித்து, நுனியில் இரும்பு பூட்டிய கோலால் கொடியைச் சுற்றிக் குத்தி, வேர் அறுந்துவிடாமல் மண்ணிலிருந்து உருவ வேண்டும். கடைசி முழத்தை மண்ணிலேயே விட்டுக் குழியைக் காலால் மூடிவிடுகிறார்கள், அடுத்த மழைக்கு அது துளிர்க்கும். முதுகை நிமிர்த்தாமல் உச்சி வெயிலிலும் இதே வேலை. சுரைக் குடுவையில் கொண்டுவந்த தண்ணீர் பாதி வேலையிலேயே தீர்ந்தது.

நானும் ஒரு கோலை வாங்கிக் குத்தினேன். பொழுது சாய்வதற்குள் எனக்குக் கிடைத்தது ஒரு கைப்பிடிகூட இல்லை. அதிலும் பாதி நன்னாரி இல்லை என்று எடுத்தெறிந்தார்கள். கையில் கொப்புளங்கள் மட்டும் நிறைய.

கன்னி தோண்ட வரவில்லை. எல்லார் குழந்தைகளையும் பாறை நிழலில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டாள். குழந்தைகள் ஓடாமல் இருப்பதற்காக நாள் முழுக்கப் பாடிப் பாடி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

திரும்பும் வழியில் மாணிக்கம் எடை போடும் விதத்தைப் பற்றி விசாரித்தேன். ஒவ்வொருத்தியாகத் தனித்தனிக் கட்டோடுதான் வர வேண்டுமாம். ஊரெல்லாம் கிலோ வந்துவிட்டது; அவரிடம் இன்னும் பழைய வீசைக் கல்தான், ஒரு வீசை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கைத்தராசில் தூக்குவார். முழு வீசைக்கு மேல் எவ்வளவு நின்றாலும் அது கழிவு. அதற்குக் காசு கிடையாது.

கேட்டதும் என் மூளை சுறுசுறுப்பாகிவிட்டது. தோட்டத்தில் என் அம்மா பாலுக்கு ரப்பர் மரம் சீவிய காலத்தில், எல்லார் ரப்பர் பாலையும் ஒன்றாக ஊற்றிக் கணக்கெழுதும் கிராணி தன் இஷ்டத்துக்குப் பங்கு போட்டார். சண்டை பிடித்துத்தான் ஒவ்வொரு வாளிக்கும் நம்பர் வாங்கினோம். தன் பால் தன் பேரில் ஏறியதைப் பார்த்த அன்று அம்மா சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆகவே கடைத்தெருவில் கலர் கலராக நூல்கண்டு வாங்கி வந்தேன். செல்லிக்குச் சிவப்பு, இன்னொருத்திக்கு நீலம் என்று ஒவ்வொருவர் வேரையும் தனித்தனிக் கட்டாகக் கட்டிப் பாறையில் காயவைத்தேன். அவரவர் உழைப்பு அவரவருக்கு, ஒரு வேர்கூட மாறாது என்று பிரசங்கம் வேறு செய்தேன். அவர்கள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சம்மதித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல வேளையாக எடை நாள் வரை மழை வராமல் வெயில் அடித்தது. இதற்குள் ஏகாம்பரத்தைப் பிடித்து, நெல் மூட்டை நிறுக்கும் அவருடைய பெரிய மேடைத் தராசைக் கேட்டேன். மனிதர் நெளிந்தார்.

"பேஜார் புடிச்ச வேலைம்மா. மாணிக்கமும் நானும் ஒரே ஊர்ல கீறோம்."

கூலி கொடுத்தால் யார் மூட்டையையும் நிறுப்பதுதானே மில் வழக்கம், நான் கூலி கொடுக்கிறேன் என்றேன். இலவசமாகக் கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பார். கூலி என்றதும் அது வியாபாரமாகிவிட்டது. வியாபாரத்துக்காக யாரும் அவரைக் கோபிக்க முடியாது. அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து, அதெல்லாம் கொடுப்பார் என்று சொல்லிவிட்டார்.

எடை நாள் காலையில் ஏரிக்கரை வழியாகப் போய்ப் பார்த்தால், பாறை மேல் என் கட்டுகளைக் காணோம். அத்தனை வேரையும் ஒன்றாகக் கொட்டி ஒரே குவியலாக்கி வைத்திருந்தார்கள். சிவப்பு நூல் கன்னியின் குழந்தை இடுப்பில் அரைஞாணாக ஏறியிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்களுக்காக மெனக்கெட்டேன், இப்படிக் கெடுத்துவிட்டீர்களே, இனி யாருடையது எவ்வளவு என்று எப்படித் தெரியும் என்று படபடவென்று கேட்டேன்.

செல்லி என் கோபம் முடியும் வரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"கன்னிக்கு எந்த நூலு குடுத்த?"

நான் கொடுக்கவில்லை. அவள் ஒரு வேரும் தோண்டவில்லையே.

"அவ புள்ளைங்கள பாத்துகினதாலதான நாங்க தோண்டனோம். காட்டுக்கு அல்லாரும் ஒண்ணா போறோம், ஒண்ணா வர்றோம். அதுல இது எனுது, அது உனுதுன்னு நூலு கட்ற வயக்கம் எங்ககிட்ட இல்லம்மா. அவந்தான் பிரிச்சிப் பிரிச்சி எடுத்தாறச் சொல்றான். வூட்டுக்கு வந்து துட்ட மறுபடி ஒண்ணாப் போட்டுத்தான் பங்கு வைப்போம்."

எங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றபோது வேறொன்று புரிந்தது. தனித்தனிக் கட்டாகப் போனால்தானே மாணிக்கத்துக்குக் கட்டுக்குக் கட்டுக் கழிவு கிடைக்கும்? ஒரே குவியலை ஒரே தடவை மேடையில் ஏற்றினால் அவர் எதைக் கழிப்பார்? தோட்டத்தில் எங்களுக்குத் தனி நம்பர் சரி. இங்கே சரியானது குவியல்தான். அப்படியே வண்டியில் ஏற்றுங்கள் என்றேன். செல்லி முதல் முறையாகப் பல் தெரியச் சிரித்தாள்.

மில் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாணிக்கத்துக்கு ஆள் அனுப்பினேன். வெள்ளை வேட்டியும் சென்ட் வாசனையுமாக வந்தார். குரல் உயர்த்தாத மனிதர். காட்டுப் பொருளை எங்கே எடை போடுவது என்பது குத்தகைக்காரன் உரிமை, தனித்தனியாகத் தன் கிடங்குக்குக் கொண்டுவந்தால்தான் வாங்குவேன் என்றார்.

நான் பினாங்குக் கடையிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்து, சோடா வாங்கிவரச் சொன்னார். சோடா அப்புறம் என்று சொல்லிவிட்டு, அவருடைய கிடங்கில் மூட்டைகளுக்கு நடந்த கும்பாபிஷேகத்தை எல்லாருக்கும் கேட்கும்படி விவரித்தேன். வேப்பிலைக் கொத்தை எப்படி உதறினார்கள் என்று கையால் செய்தும் காட்டினேன். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"அது தூசி அடங்கறதுக்குத் தெளிக்கறது" என்றார் மாணிக்கம்.

அந்தத் தூசிதான் எங்கள் ஊரில் பூஞ்சையாக வந்து இறங்கியது என்றேன். இனிமேல் பெரிய தராசில், எல்லார் கண்முன்னும், மொத்தமாக எடை போட்டு, காய்ந்தது காய்ந்தபடியே மூட்டை கட்டி அனுப்பினால் எங்கள் கடை அவர் வேரை வாங்கும். பூஞ்சைக்கென்று இந்தப் பெண்களிடம் பிடித்த கூலியை இப்போதே இங்கேயே கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மண்டிக்கு நானே நேரில் போய், உத்திரமேரூர் நன்னாரி வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். இதையெல்லாம் மெதுவாகத்தான் சொன்னேன். முதலாளி எனக்கு இப்படி எந்த அதிகாரமும் கொடுக்கவில்லை. ஆனால் அது மாணிக்கத்துக்குத் தெரியாது.

அவர் பெண்களைப் பார்த்தார். வழக்கமாக ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக வந்து நிற்பவர்கள் அன்று குவியலைச் சுற்றி நின்றார்கள். யாரைத் தனியாகக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஏகாம்பரத்தைப் பார்த்து, "போடு நைனா" என்றார்.

மேடை ஏறி இறங்கியது. முள் நின்ற இடத்தை ஏகாம்பரம் உரக்கப் படித்தார். கழிவு என்ற பேச்சே எழவில்லை. கூலியும், பிடித்து வைத்திருந்த பாக்கியும் செல்லியின் கைக்கு வந்தன. பாக்கியைப் போன முறை தோண்டியவர்களுக்கென்று தனியாக முடிந்துகொண்டாள். மாணிக்கம் போகும்போது, சோடாவைக் குடித்துவிட்டுப் போங்கள் என்று என்னிடம் மரியாதையாகச் சொன்னார். வியாபாரி!

குடிசைக்குத் திரும்பியபோது மேஸ்திரி காத்திருந்தார். முருகன் முன்பணத்தை வாங்கவில்லை. "நாங்க வர்ல" என்று அவரிடம் சொன்னது கன்னிதான், அதே தொண்டை கட்டிய குரலில். மேஸ்திரி கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். இன்னொரு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். இந்த வருஷம் போனார், அடுத்த வருஷமும் வரத்தான் வருவார். எனக்கு அது தெரியும், செல்லிக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்குப் போனது போனதுதான்.

பாறை மேல் குவியலின் காசை வைத்துச் செல்லி பங்கு போட்டாள். எல்லாம் ஒரே அளவு. கன்னிக்கு ஒன்று. காய்ச்சலில் பாதியில் நின்றுவிட்ட ஒருத்திக்கும் ஒன்று. எல்லாரும் எடுத்த பிறகும் ஒரு பங்கு மீதி இருந்தது. அதை அள்ளி என் கையில் வைத்தாள்.

நான் பதறிப்போனேன். நான் தோண்டியது ஒரு கைப்பிடி, அதிலும் பாதி வெறும் புல், எனக்கு எதற்கு என்று கையை இழுத்துக்கொண்டேன். என் நூல் கணக்குப்படி பார்த்தால் எனக்கு ஒரு காசுகூட வராது.

"நீ காட்டுக்கு வந்தியா, இல்லியா?" என்று கேட்டாள் செல்லி.

"வந்தேன்."

"அப்ப புடி."

பினாங்கில் கல்லாவுக்குப் பின்னால் நின்று எத்தனையோ சம்பளம் வாங்கியிருக்கிறேன். இது போல ஒன்று வாங்கியதில்லை. கொப்புளம் உடைந்த கை எரிந்தது. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.